கல்லறை வாசலில் நிற்காத வண்டி

காசிமேட்டு மண்ணில் காலை நீட்டிப் படுத்திருக்கும் என் ஆசை நைனாவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளும் போய்விட்டது. தம்பி பென்னி இரண்டு நாள் முன்னாலேயே வந்து உன் கல்லறையைக் கழுவி வெள்ளை அடித்தான். அன்றைக்கு மழை விட்டதும் செவ்வந்தி மாலை போட்டான், மெழுகுவத்தி ஏற்றினான். சாயங்காலம் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தபோதும் அவன் ஒருத்தன்தான் நின்றான். அம்மாவும் வரவில்லை, நானும் வரவில்லை. அக்கம்பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு கூட்டமாக நின்றிருப்பார்கள். உன் பக்கத்தில் மட்டும் ஒற்றை ஆள். "இன்னாப்பா, உன் பொஞ்சாதியக் காணோம்?" என்று அங்கே யாராவது உன்னைக் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

பென்னி உன்னிடம் காரணம் சொல்லியிருக்கமாட்டான். டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு ஹாரன் இருக்கும்போது வாய் எதற்கு என்று நீயே அவனைக் கிண்டல் பண்ணுவாய். அதனால் நான் சொல்கிறேன். நாங்கள் மறக்கவில்லை. கிளம்பினோம். வாசல் வரைக்கும் வந்தோம். ஆனால் நான் வண்டியை நிறுத்தவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

துறைமுக வாசலில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நெஞ்சுவலியில் நீ சாய்ந்துவிட்டாய். கப்பலிலிருந்து இறங்குகிற ஆட்களை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதற்காகக் காத்திருந்தாய் என்றார்கள். அந்த ஆட்கள் வேறு வண்டி பிடித்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். நீ வாடகைக்கு ஓட்டின நம் வெள்ளை வேன் மட்டும் ஓரமாக நின்றது. அதை எர்ணாவூர் குடியிருப்புக்கு ஓட்டிக்கொண்டு வந்தவள் நான்தான். சீட் உன் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. கிளட்ச் எட்டாமல் சீட்டு நுனிக்குச் சறுக்கி உட்கார்ந்தே ஓட்டினேன். முன்னால் இழுத்துப் போட மனசு வரவில்லை.

உன் அடக்கத்தன்று அம்மா கல்லறை வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். பூ விற்கிற பெண்கள் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் உன்னை இறக்கிவிட்டோம். உன்னை இறக்கிய இடம் எது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இது அவளை எவ்வளவு அரித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு முதுகுவலி ஆரம்பித்தது. "அழுது அழுது முதுகு புட்சிகிச்சிடி" என்று அவளே சொன்னாள். நாங்களும் நம்பித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை என்றான பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. புற்று, நைனா. எங்கிருந்தோ தொடங்கி முதுகெலும்புக்கு வந்திருக்கிறது. இனிமேல் வலியைக் குறைப்பதுதான் வைத்தியம் என்றார். வண்டியில் குலுக்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள், எலும்பு மக்கிப்போயிருக்கிறது என்றும் சொன்னார்.

அம்மாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆசையை மட்டும் சொன்னாள்.

"கல்லறைத் திருநாளுக்கு என்னை அவராண்ட கூட்டினு போயிடு ரீட்டா. அவரு எந்த மண்ணுல கீறாருன்னு ஒரு தபா கண்ணால பாத்துட்டா போதும். அதுக்கு மேல உன்னாண்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எர்ணாவூரிலிருந்து காசிமேடு என்ன பெரிய தூரமா? நல்ல உடம்புக்கு இல்லை. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலை எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கன்டெய்னர் லாரிகள் ஏறி ஏறி ரோடு பாத்தி கட்டின மாதிரி கிடக்கிறது. மழை பெய்தால் பள்ளம் எது, தார் எது என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அம்மா மேலே இருக்கிற கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மாதாவே" என்பாள். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அதைச் சொல்லவும் தெம்பு இருக்காது. ஆட்டோவில் போய்ப் பார்த்தோம், அது இன்னும் மோசம். ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்றேன்.

"அதுல ஏறி உங்க நைனாவப் பாக்கப் போனா, சரிதான் வந்தது வந்துட்டாளேன்னு என்னையும் அங்கயே எறக்கிட்டு வந்துடுவீங்க" என்றாள். அந்த வலியிலும் அவளுக்கு அந்தக் குசும்பு போகவில்லை.

வண்டியும் லேசுப்பட்டதில்லை. அதன் மீட்டர் எத்தனை முறை சுற்றி நின்றதோ, உனக்குத்தான் தெரியும். நீ ஓட்டும்போது எங்களுக்கு இந்தக் குலுக்கல் தெரிந்ததில்லை. எந்தப் பள்ளத்தை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று உனக்கு மனப்பாடம். நான் ஓட்டினால் முன்சக்கரத்தில் யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரி சத்தம் வரும். பின்பக்கம் ஒரு குழியில் இறங்கினால் நாலு தடவை தூக்கிப் போடும்.

"வண்டிய நான் பாத்துக்கறேன்க்கா" என்றான் பென்னி. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மணலி ரோட்டில் அவனுக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோனான். டிரெய்லருக்கு, சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை அடிக்கிற பட்டறை. பழைய பட்டைகளைக் கழற்றிப் பழுக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்தி, தொய்ந்துபோன பின்பக்கத்தில் இரண்டு சக்கரத்துக்கும் ஒவ்வொரு பட்டை கூடுதலாக வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். வண்டி கொக்கு மாதிரி உயர்ந்து நின்றது. "பாத்தியா, இனிமே அசையாது" என்றான். அவன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் வண்டிக்குக் கை வைத்துச் சரிபண்ணிவிட்டோம் என்கிற பெருமை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவனே ஓட்டினான். அன்றைக்கு அம்மா கைப்பிடியை விட்டுவிட்டுத் துண்டை வாயில் கடித்துக்கொண்டாள். வண்டி அசையவில்லைதான். ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் அப்படியே எடுத்து அவள் முதுகில் வைத்தது. சத்தம் வராததால் பென்னிக்குத் தெரியவில்லை. அகஸ்திய நகர் பக்கம் எதேச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தவன் வண்டியை ஓரங்கட்டினான். இறங்கிப் போய்க் கடல் அரிக்காமல் இருக்கப் போட்ட கற்களின் மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் பக்கத்தில் எல்லாருக்கும் பாரம் தூக்கத்தான் தெரியும். வண்டியில் ஒரு குறை என்றால் இன்னொரு பட்டை வை, கெட்டியாகக் கட்டு. நோகாமல் கொண்டுபோக வேண்டிய ஒரு சுமையை இவன் எப்போது ஏற்றியிருக்கிறான்?

அப்புறம்தான் எனக்கு உன் தோஸ்து கவுஸ் பாயின் ஞாபகம் வந்தது. அவர் தண்டையார்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். உன் வண்டியைப் பார்த்ததும் பாய் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். உள்ளே நான் இருப்பதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பாவம், பழக்கதோஷம். கொஞ்ச நேரம் பானெட்டின் மேல் கை வைத்தபடி நின்றார். பிறகு குனிந்து பின்பக்கம் பார்த்தார்.

"எவன்டா இந்த வேலையப் பண்ணது? இன்னாம்மா, இரும்பு லோடு அடிக்கப் போறியா?"

அம்மாவின் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரியாது.

"வெச்ச பட்டைய எடுத்துடறேன். பழசுலயும் ஒண்ணு கம்மி பண்றேன். நீ இனிமே இதுல கும்பல ஏத்தக் கூடாது, அண்ணிய மட்டுந்தான் கூட்டினு போவணும். சரியா?" என்றார்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கிற ரப்பர் புஷ்களைத் தட்டி எடுத்து என் கையில் கொடுத்தார். நகத்தால் கீறினேன், கரித்தூளாக உதிர்ந்தது. ஒன்றில் ரப்பரே இல்லை, வெறும் குழாய்தான். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், விழப்போகிற பல் மாதிரி ஆடியது. ஷாக் அப்சர்பரைக் கழற்றித் தரையில் ஊன்றி அழுத்திக் காட்டினார். உள்ளே போனது, போனதுதான். எண்ணெய் எல்லாம் எப்போதோ ஒழுகிக் காய்ந்திருந்தது.

"இத்த வெச்சுகினு எப்டி ஓட்டினாம்பா அவன்?" என்று பாய் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

எப்படி ஓட்டினாய் நைனா? அவ்வளவு குலுக்கலையும் நீ எதில் தாங்கினாய்? உனக்கும் முதுகு வலித்ததா? வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாயே, அதை நாங்கள் உன் விளையாட்டு என்று நினைத்திருந்தோமே. நெஞ்சுவலியும் அப்படி எத்தனை நாளாக இருந்தது?

புது புஷ், முன்சக்கரத்துக்குப் புது பால் ஜாயின்ட், புது ஷாக் அப்சர்பர் எல்லாம் போட்டார். ஆனால் நட்டுகளை முழுசாக முறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கினார். ஏன் பாய் என்றேன்.

"சக்கரம் தொங்கினு கீறப்போ முறுக்கிட்டா, கீழ எறக்கினதும் ரப்பரு திருகிக்கும். எப்பவும் வலியோடவே நிக்கும். ஆளு ஏறி உக்காந்து வண்டி தன் எடத்துக்கு எறங்கினப்புறம் முறுக்கணும். அண்ணியக் கூட்டினு வரியா?"

அவள் அங்கே வருகிற நிலைமையில் இல்லை என்றேன். அவர் யோசித்துவிட்டு இரண்டு மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து நடு சீட்டில், அம்மா உட்கார்கிற இடத்தில் வைத்தார். "இவ்ளோ இருப்பாங்க இல்ல?" என்றார். பாய் மனதில் இருப்பது பழைய அம்மா. கிறிஸ்மஸுக்கு அண்டா நிறைய குழம்பைத் தனியாளாகத் தூக்கி இறக்கி வைத்த அம்மா.

"இல்ல பாய். கம்மி பண்ணுங்க."

ஒரு மூட்டையை எடுத்தார். என்னைப் பார்த்தார். இன்னும் என்றேன். மிச்ச மூட்டையின் வாயைப் பிரித்து மணலைக் கீழே கொட்டிக்கொண்டே வந்தார். போதும் என்று நான் எப்போது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்றேன்.

"அவ்ளோதான் கீறாங்களா?" என்று கேட்டார். வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

அங்கிருந்தே என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அம்மாவின் இடத்தில் தொளதொளவென்று ஒரு அரை மூட்டை சாய்ந்திருந்தது. அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன் நைனா. உன் அடக்கத்தன்று பூ வாங்குவது, பெட்டிக்குச் சொல்வது, வந்தவர்களுக்கு டீ கொடுப்பது என்று எனக்கு அழ நேரமே கிடைக்கவில்லை. பாய்க்குக் கேட்டிருக்கும். ஆனால் நான் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை அவர் அடியிலிருந்து வெளியே வரவில்லை.

கல்லறைத் திருநாளன்று மத்தியானம் வரைக்கும் மழை. மூன்று மணிக்கு மேல் விட்டது. அம்மா காலையிலிருந்தே தயார். நீ வாங்கிக்கொடுத்த இளநீலப் புடவையைக் கட்டச் சொன்னாள். இடுப்பில் நிற்காமல் அது நழுவிக்கொண்டே இருந்தது, பின் குத்திவிட்டேன். ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள். நடு சீட்டில் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார வைத்தேன். வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

லாரிகள் திரும்புகிற இடத்தில் முதல் பெரிய பள்ளம். தண்ணீர் நின்றிருந்தது. மெதுவாக இறக்கினேன். வண்டி இறங்கியது, ஏறியது, அவ்வளவுதான்.

"பள்ளம் போச்சா?" என்றாள் அம்மா.

"போச்சும்மா."

"தெரியவே இல்லியேடி."

அடுத்த பள்ளம், அதற்கடுத்தது. அவள் கை கைப்பிடியிலிருந்து கீழே இறங்கியது. "கவுஸ் பாய் நல்லா இருக்கணும்" என்றாள். கடலைப் பார்த்தாள். உன் மீசையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். திருவொற்றியூர் தாண்டியதும் பேச்சு நின்றது. ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் பேசவில்லை.

கல்லறை வாசலில் கால் வைக்க இடமில்லை. பூக்கடை, மெழுகுவத்திக் கடை, ஆட்டோ, போலீஸ். ஓரமாக நிறுத்துவதற்கு இண்டிகேட்டர் போட்டுவிட்டுப் பின்னால் திரும்பினேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

தலை தலையணையில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜெபமாலை மடியில் நழுவிக் கிடந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கிற அந்தச் சுருக்கம் இல்லை. நைனா, அவள் தூங்கிப் பல வாரம் ஆகியிருந்தது. வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைப்பாள். கண் அசந்தால் அடுத்த நொடியே வலி வந்து எழுப்பிவிடும். மாத்திரை கொடுத்தால் மயக்கம் வருமே தவிரத் தூக்கம் வராது. அந்த மனுஷி இத்தனை சத்தத்துக்கு நடுவில் குழந்தை மாதிரி தூங்குகிறாள். நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். இறக்கினால் வலிக்கும். பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். நான் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு மேலே போனேன்.

ராயபுரம் பக்கம் போகும்போது பென்னி போன் பண்ணினான். "அக்கா, எங்க கீறே? ஃபாதர் நம்ம வரிசைக்கு வந்துட்டாரு."

"அம்மா தூங்குதுடா" என்றேன் மெதுவாக.

"இன்னாது?"

"தூங்குதுடா பென்னி. நல்லாத் தூங்குது."

ஃபாதர் ஜெபம் சொல்கிற சத்தம் போனில் கேட்டது. அப்புறம், "எழுப்பாதக்கா. சுத்தினே இரு. நைனாவ நான் பாத்துக்கறேன்" என்றான்.

சுற்றினேன். துறைமுக வாசல், கடற்கரைச் சாலை, திரும்பவும் ராயபுரம். ஹாரன் அடித்தவனையெல்லாம் உன் வாயில் கேட்ட அத்தனை வார்த்தைகளாலும் மனதுக்குள் திட்டினேன். சிக்னலில் நிற்க வேண்டி வந்தால் தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்துப் பச்சை விழும்வரை ஊர்ந்து போனேன். இருட்ட ஆரம்பித்தபோது மறுபடியும் உன் வாசலைக் கடந்தேன். மதிலுக்கு மேலே மெழுகுவத்தி வெளிச்சம் தெரிந்தது. அதில் உன்னுடையது எது? கடைசியாகக் கடந்தபோது ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அம்மா விழித்தாள். "வந்துட்டமா?"

உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"பாவி" என்று சீட்டின் முதுகில் அடித்தாள். அந்த அடியில் ஒரு பலமும் இல்லை. "எழுப்பறதுக்கு இன்னாடி உனக்கு? மூஞ்சியத்தான் கடைசியாப் பாக்காம வுட்டுட்டேன். மண்ணையாச்சும் பாக்கலாம்னு வந்தா..." என்று அழுதாள். நான் ஓட்டிக்கொண்டே அழுதேன்.

எர்ணாவூர் கிட்டே வந்ததும் கேட்டாள். "வூட்டுக்கா போறே?"

"ஆமாம்மா."

"போவாத. இன்னும் கொஞ்சம் ஓட்டு."

எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். அவள் மறுபடியும் தூங்கிவிட்டாள்.

அதுதான் அவள் கடைசியாக வண்டியில் ஏறியது. அந்த வாரமே உட்காரவும் முடியாமல் போய்விட்டது. இனி நகர்த்தவேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உன் மண்ணைப் பார்ப்பதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே நாளை எடுத்து நான் அவள் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். நான் செய்தது சரியா நைனா? நீ ஓட்டியிருந்தால் நிறுத்தியிருப்பாயா? அவள் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. நேற்று மட்டும், "அன்னிக்கு எவ்ளோ நேரம்டி தூங்கினேன்?" என்று கேட்டாள். ரொம்ப நேரம்மா என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

குடியிருப்பில் சில பெண்கள், வருஷம் திரும்புவதற்குள் நீ அவளைக் கூப்பிட்டுக்கொள்வாய் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் பயமாகவும் இருக்கிறது. அதனால் உனக்கு ஒரு சத்தியம் செய்துகொடுக்கிறேன். அவளை உன்னிடம் நானே கொண்டுவந்து சேர்ப்பேன். நம் வண்டியில், ஒரு பள்ளமும் தெரியாமல், நானே ஓட்டிக்கொண்டு வருவேன். அன்றைக்கு வாசலில் நிறுத்துவேன். அதுவரைக்கும் நீ அவளைக் கூப்பிடாதே நைனா.

உன் மூத்த பொண்ணு,
ரீட்டா